கரியமில வாயுவை வைத்து எபாக்சி நுரை செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஈரப்பதம் மிகுந்த நாளில் எபாக்சி (ரெசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலந்து இறுகும் பிளாஸ்டிக்) பூசிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், பூச்சின் மேல் மெழுகு தடவியது போல வெளிறிய படலம் ஒன்று படிந்திருக்கும். ஹார்டனரில் உள்ள அமைன் என்ற நைட்ரஜன் சேர்மம் காற்றிலிருந்த கரியமில வாயுவையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு உப்பாக மாறியதால் வந்த படலம் அது. பூச்சு வேலைக்காரர்களுக்கு இதைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடு. அந்த உப்புகளில் முக்கியமானது கார்பமேட். அதைச் சூடாக்கினால், பிடித்து வைத்த கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுத்துவிடும். அமைனும் பழையபடி ஹார்டனராகவே வெளியே வரும்.

நுரைக்குத் தேவையான வாயுவும், அந்த நுரையை இறுக்கும் ஹார்டனரும் ஒரே வெள்ளைப் பொடியில் கிடைக்கின்றன. வேலை முடிந்தபின் பொருளுக்குள் தேவையற்ற மிச்சம் எதுவும் தங்குவதில்லை. எபாக்சி நுரைக்கு இதைவிடத் தூய்மையான வழியை நான் பார்த்ததில்லை. அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி கார்பமேட் முறைதான். மற்ற முறைகளை ஒப்பிடுவதற்கு மட்டும் சொல்கிறேன். அழுத்தக் கலன் வசதி உள்ளவர்களுக்குக் கடைசியில் தனியாகச் சில குறிப்புகள் உண்டு.

புகை உறிஞ்சும் கூண்டு, நல்ல தராசு, வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் ஓவன் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. சமையலறையிலோ, மூடிய சிறு அறையிலோ செய்யக்கூடாது.

பழைய வாயுக்களுக்கு என்ன குறை?

நுரைப் பொருள் தொழிலில் குமிழி உண்டாக்கும் வாயுவாக நீண்ட காலம் ஆட்சி செய்தது சி.எஃப்.சி-11 என்ற குளோரோஃப்ளூரோகார்பன். கொதிநிலை 24 டிகிரிக்கு அருகில் இருந்ததால் கையாள்வது எளிது, தீப்பிடிக்காது, வெப்பத்தையும் மிகக் குறைவாகத்தான் கடத்தும். ஆனால் அது ஓசோன் படலத்தைத் தின்றது. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. இடைக்கால மாற்றாக எச்.சி.எஃப்.சி வகைகளும் அப்புறம் எச்.எஃப்.சி வகைகளும் வந்தன. எச்.எஃப்.சி ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் புவியைச் சூடாக்குவதில் மோசமானது. எச்.எஃப்.சி-134ஏ வாயுவின் 1 கிலோ, 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இவற்றைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016இல் அதே உடன்படிக்கையில் கிகாலி திருத்தம் வந்தது.

நம் வேலையின் அளவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே பருமனுள்ள நுரைக்கு, எந்த வாயுவானாலும் ஏறத்தாழ அதே மோல் எண்ணிக்கை (அதாவது அதே அளவு மூலக்கூறுகள்) தேவை. 0.01 மோல் என்று எடுத்துக்கொண்டால் எச்.எஃப்.சி-134ஏ சுமார் 1 கிராம். அது வெளியேறினால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கரியமில வாயுவின் பாதிப்பு. அதே 0.01 மோல் கரியமில வாயு என்றால் 0.44 கிராம், பாதிப்பும் அதே 0.44 கிராம்தான். மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பென்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் புவியை அவ்வளவு சூடாக்குவதில்லை. ஆனால் எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். சூடாகும் பொருளுக்குள் எளிதில் தீப்பிடிக்கும் ஆவியை வைக்க, தீவிபத்துக்கு எதிரான முழு ஏற்பாடும் வேண்டும். சிறு பட்டறைக்கு இது சரிப்படாது.

எபாக்சி நுரையில் பலரும் பயன்படுத்தும் இன்னொரு வழி, ஹைட்ரஜன் பிணைப்புள்ள சிலிக்கோன் எண்ணெய். அமைனோடு சேர்ந்த உடனே ஹைட்ரஜன் வாயுவை விடும். அறை வெப்பநிலையிலேயே நுரைக்கும் என்பது அதன் வசதி. ஆனால் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றிக்கொள்ளும். 10 கிராம் மாதிரிக்குப் பரவாயில்லை. பெரிய அச்சுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அசோடைகார்பனமைடு என்ற மஞ்சள் பொடியும் உண்டு. அது சிதைய ஏறக்குறைய 200 டிகிரி வேண்டும், மூச்சுக்குழாய் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தில் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது.

சோடியம் பைகார்பனேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, பாதுகாப்பானது, தன் எடையில் 26 சதவீதம் கரியமில வாயுவாகத் தரும். முதல் முறையாக நுரை செய்து கை பழகுபவர்கள் இதில் தொடங்கலாம். ஆனால் சோடியம் கார்பனேட் உள்ளேயே தங்கிவிடும். அது ஈரத்தை இழுக்கும், நீர் படும் இடங்களில் நுரையின் வலிமையைக் கெடுக்கும். வாயுவோடு நீராவியும் வருவதால் குமிழிகள் பெரிதாகவும் சீரற்றும் இருக்கும். பயிற்சிக்குச் சரி, பயன்பாட்டுக்குச் சுமார்.

எல்லாம் பதத்தில் இருக்கிறது

எபாக்சி நுரையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது வாயுவால் அல்ல, நேரத்தால். ரெசின் நீர்த்து இருக்கும்போது வாயு வந்தால் குமிழிகள் மேலேறி உடைந்து போகும். இறுகியபின் வந்தால் குமிழி விரிய இடமிருக்காது. உள்ளே விரிசல்தான் மிஞ்சும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் வாயு வர வேண்டும், வந்து முடிந்ததும் ரெசின் இறுகிவிட வேண்டும்.

இந்தப் பதத்தின் எல்லையைக் கணக்கிட்டே சொல்லலாம். இரண்டு எபாக்சி முனைகள் கொண்ட ரெசினும் நான்கு ஹைட்ரஜன் கொண்ட அமைனும் சரியான விகிதத்தில் சேரும்போது, எபாக்சி முனைகளில் சுமார் 58 சதவீதம் வினைபுரிந்ததும் ஜெல் ஆகிவிடும். அதுவரைக்கும் பாய்கிற திரவம், அந்தப் புள்ளியில் ஒரே வலையாகப் பின்னிக்கொள்ளும். அதற்கு மேல் குமிழி வளராது. 58இலேயே வாயு வந்தால் தாமதம். அதற்குச் சற்று முன், ரெசின் கெட்டியாகி இழுபடும் நிலையில் வாயு தொடங்குவதுதான் நல்லது.

குமிழிக்குள் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் சிறிய குமிழியிலிருந்து வாயு மெல்லக் கசிந்து பக்கத்திலுள்ள பெரிய குமிழிக்குப் போய்விடும். காத்திருக்கக் காத்திருக்கச் சிறியவை மறைந்து பெரியவை கொழுக்கும். அதே நேரம் குமிழிகளுக்கு நடுவே உள்ள ரெசின் கீழே வடிந்து, சுவர்கள் மெலிந்து உடையும். இரண்டையும் தடுப்பது கெட்டித்தன்மையும் வேகமும்தான்.

தேவையான பொருள்கள்

ரெசின்: சாதாரண பிஸ்பீனால்-ஏ வகைத் திரவ எபாக்சி. அதன் எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி முனைகள் உள்ள ரெசினின் கிராம் எடை) 185 முதல் 192 வரை இருக்கும். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் சரியான எண் இருக்கும். இங்கே 188 என்று வைத்துக்கொள்கிறேன்.

ஹார்டனர்: ஐசோஃபோரோன் டைஅமைன். கார்பமேட் செய்யவும் இதுவே. கரியமில வாயுவோடு எளிதில் திடமாகும் குணம் இதற்கு உண்டு. 2022இல் டோக்கியோ பெருநகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றிலிருந்தே கரியமில வாயுவைப் பிடிக்க இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். பிடித்த வாயுவை 60 டிகிரிச் சூட்டிலேயே திரும்ப எடுக்கவும் முடிந்தது. கரைசலில் நடந்த வேலை அது. நம்முடைய உலர்ந்த பொடி ரெசினுக்குள் வாயு விட இன்னும் சூடு கேட்கும்.

சிலிக்கோன்-பாலிஈதர் வகை நுரை நிலைப்படுத்தி: ரெசினில் 0.5 முதல் 1 சதவீதம். குமிழிச் சுவரைக் காப்பாற்றுவது இதுதான்.

ஃபியூம்டு சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்): 1 முதல் 2 சதவீதம். குமிழி பிறக்க இடம் கொடுக்கும், ரெசின் வடியாமலும் பார்த்துக்கொள்ளும். மிக மெல்லிய டால்க்கும் குமிழி பிறக்க உதவும், ஆனால் வடிவதைத் தடுக்காது.

உலர்ந்த கரியமில வாயு சிலிண்டர், அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், 12 × 12 × 3 சென்டிமீட்டர் அளவில் டெஃப்லான் தாள் விரித்த அலுமினிய அச்சு, வெப்ப உணரி, உயரமான சோதனைக் குழாய்கள், சிலிக்கோன் எண்ணெய்த் தொட்டி. அவ்வளவுதான்.

பாதுகாப்பைப் படிக்காமல் தாண்டாதீர்கள். இறுகாத எபாக்சியும் அமைனும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எபாக்சி பக்கமே போக முடியாது. நைட்ரைல் கையுறையை வேலை நடுவே மாற்றிக்கொண்டே இருங்கள். கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் ஐசோஃபோரோன் டைஅமைன் அரிக்கும் தன்மை கொண்டது. கார்பமேட்டையும் ஃபியூம்டு சிலிக்காவையும் எடை போடும்போது தூசு முகமூடி வேண்டும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வேலையிடத்தில் 8 மணி நேரச் சராசரியாக 5,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு) என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. காற்றோட்டம் இல்லாத இடத்தில் சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.

கணக்கு

முதலில் ஹார்டனர் அளவு. ஐசோஃபோரோன் டைஅமைனின் மூலக்கூறு எடை 170.3, வினைபுரியும் ஹைட்ரஜன் 4, வகுத்தால் 42.6. இதை 100ஆல் பெருக்கி 188ஆல் வகுத்தால் 22.7. ஆக 100 கிராம் ரெசினுக்கு 22.7 கிராம் அமைன்.

அடுத்து வாயு. இரண்டு அமைன் முனைகள் சேர்ந்து ஒரு கரியமில வாயு மூலக்கூற்றைப் பிடிக்கும். இந்த அமைனில் இரண்டு முனைகள் இருப்பதால், ஒரு மூலக்கூறு அமைனுக்கு ஒரு மூலக்கூறு வாயு என்று ஆகிறது. 170.3 கிராமுக்கு 44 கிராம்; அதாவது 100 கிராம் அமைன் முழுமையாகக் கார்பமேட்டானால் எடை சுமார் 26 கிராம் கூடும்.

ஹார்டனர் முழுவதையும் கார்பமேட்டாகவே போட்டால் என்ன ஆகும்? 22.7 கிராமில் கிட்டத்தட்ட 5.9 கிராம் வாயு அடைந்திருக்கும். 100 டிகிரியில் அது 4 லிட்டரைத் தாண்டும். நூற்றுச் சொச்சம் கன சென்டிமீட்டர் ரெசினால் இவ்வளவையும் பிடித்து வைக்க முடியாது. பெரும்பகுதி மேலே கிழித்துக்கொண்டு போகும். அதனால் ஹார்டனரில் ஒரு பங்கை மட்டும் கார்பமேட்டாகக் கொடுக்க வேண்டும்.

15 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 22.7இல் 3.4 கிராம் அமைன் கார்பமேட்டாக வரும், அதோடு 0.88 கிராம் வாயு. ஆகக் கார்பமேட் பொடி 4.3 கிராம். மீதி 19.3 கிராம் சாதாரண அமைனாகவே. 0.88 கிராம் வாயு 100 டிகிரியில் சுமார் 610 கன சென்டிமீட்டர். பாதி தப்பித்துப் போனாலும் 305 உள்ளே நிற்கும். ரெசினும் அமைனும் சேர்ந்து 107 கன சென்டிமீட்டர். கூட்டினால் 412. எடை 123 கிராம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம், அதாவது திட எபாக்சியில் கால்வாசி.

பாதி தப்பிக்கும் என்பது தொடக்கத்துக்கான ஊகம்தான். உங்கள் முதல் நுரையின் அடர்த்தியை அளந்தபின் அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையிலிருந்து கணக்கு உங்கள் பட்டறைக்கே உரியதாகிவிடும்.

செய்முறை

1. கார்பமேட் தயாரித்தல். அகலமான கண்ணாடித் தட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, அமைனை மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாமல் பரப்புங்கள். காற்றை வெளியேற்றிய மூடிய பெட்டிக்குள் தட்டை வைத்து, உலர்ந்த கரியமில வாயுவை மெல்ல ஓட விடுங்கள். வாயு வெளியேற ஒரு வழி இருக்கட்டும். அமைன் வாயுவைப் பிடிக்கும்போது சூடாகும், அதனால் தட்டின் அடியில் குளிர்ந்த நீர் இருந்தால் நல்லது. மேலே வெள்ளைப் பொருக்குக் கட்டியதும் அதற்கு அடியில் உள்ள அமைனுக்கு வாயு எட்டாது. அவ்வப்போது பொருக்கைக் கீறிப் புரட்டிவிட்டு, திரும்பவும் வாயுவில் வையுங்கள். எடை கூடுவது நின்றதும் வேலை முடிந்தது. 100க்கு 26 வரை எடை ஏற வேண்டும். 20தான் ஏறியிருக்கிறது என்றால் அதையே வைத்துக் கணக்கைத் திருத்தினால் போதும், பொடியைக் கொட்ட வேண்டியதில்லை.

கட்டியைக் குளிர்ந்த உரலில் இடித்து, கைக்குக் கிடைக்கும் மிக மெல்லிய சல்லடையில் சலியுங்கள். இந்தப் படியில் பொறுமை காட்டியவர்களுக்கே மெல்லிய குமிழி கிடைக்கும். ஒவ்வொரு துகளும் ஒரு குமிழிக்குப் பிறப்பிடம். துகள் பெரிதானால் குமிழியும் பெரிது. இடிக்கும்போது சூடேறினால் வாயு போய்விடும், நிறுத்தி நிறுத்தி இடியுங்கள். பொடியை ஈரம் புகாத புட்டியில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெயில் படும் இடத்தில் இறுக மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும்.

2. இரண்டு சோதனைகள். இவற்றைச் செய்யாமல் அச்சில் ஊற்றக்கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

முதலாவது வாயுச் சோதனை. ஒரு சிட்டிகைக் கார்பமேட்டைச் சிலிக்கோன் எண்ணெயில் கலக்கிச் சோதனைக் குழாயில் எடுத்து, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். முதல் குமிழிகள் எந்த வெப்பநிலையில் வருகின்றன, எதில் பொங்குகின்றன, எதில் அடங்குகின்றன என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஜெல் சோதனை. வாயு பொங்கிய அந்த வெப்பநிலையில் எண்ணெய்த் தொட்டியை நிறுத்தி, கார்பமேட் இல்லாத ரெசின்-அமைன் கலவை 5 கிராமைக் குழாயில் இறக்குங்கள். கண்ணாடிக் குச்சியால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுத் தூக்குங்கள். நூலாக இழுபடுவது நின்று, ரப்பர் போல விட்டுத் திரும்பும் நேரம் ஜெல் நேரம்.

வாயு பொங்கி அடங்கும் நேரத்துக்குச் சற்றுப் பின்னால் ஜெல் நேரம் வந்தால் உங்கள் கலவை பொருந்தியிருக்கிறது. ஜெல் முந்திக்கொண்டால், அமைனில் ஒரு பங்கை மெதுவாக வினைபுரியும் பாலிஈதர் அமைனாக மாற்றுங்கள், சமான எடையை மறுபடி கணக்கிட்டு. ஜெல் மிகவும் பிந்தினால், நாலாவது படியில் சொல்லும் முன்-இறுகலை நீட்டினால் போதும்.

3. கலத்தல். 100 கிராம் ரெசினில் 0.7 கிராம் நிலைப்படுத்தியையும் 1.5 கிராம் ஃபியூம்டு சிலிக்காவையும் முதலில் கலக்குங்கள். பிறகு கார்பமேட் பொடி 4.3 கிராம். அதிவேகக் கலக்கியில் 5 நிமிடம். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து ஒளியில் பிடித்துப் பாருங்கள். மணல் போலக் கட்டிகள் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். கலக்கும்போது உள்ளே போகும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் கெடுதல் அல்ல. அவை நுரைக்கு விதையாகும். அதனால் வழக்கமான வார்ப்பு வேலையைப் போல நீண்ட நேரம் வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுக்க வேண்டாம். பெரிய குமிழிகள் மேலே வந்து உடைய ஒரு சில நிமிடம் விட்டாலே போதும். கடைசியாக 19.3 கிராம் அமைனைச் சேர்த்து, சுவரையும் அடியையும் வழித்து வழித்து 3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள்.

4. முன்-இறுகல். கலவையை உடனே சூடேற்றாதீர்கள். தட்டையான பாத்திரத்தில் பரப்பி, 25 டிகிரி நீர்த்தொட்டியில் மிதக்க விடுங்கள். குவியலாக ஒரே கோப்பையில் விட்டால் அது தானே சூடாகிக் கட்டுக்கடங்காமல் இறுகிவிடும். எபாக்சி இறுகும்போது வெளிவிடும் வெப்பம் கொஞ்சமல்ல. முழுவதும் உள்ளேயே தங்கினால் கலவையின் வெப்பநிலையை 200 டிகிரிக்கு மேல் உயர்த்தும் அளவு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியால் பாருங்கள். முதலில் பாய்ந்து விழும், அப்புறம் பட்டையாக விழும். பட்டை விழுந்த மேடு உடனே கரையாமல் இரண்டு மூன்று விநாடி நின்று மெல்ல அமிழ்ந்தால் அதுதான் பதம். கடிகாரத்தை நம்பாதீர்கள், அறையின் சூடு இரண்டு டிகிரி மாறினாலே நேரம் மாறும். கெட்டித்தன்மையை அளக்கும் பாகுநிலைமானி இருந்தால் இந்த இடத்தின் எண்ணைக் குறித்துவைத்தால், அடுத்த முறை கண்ணளவு தேவைப்படாது.

5. அச்சில் ஊற்றுதல். அச்சை 60 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த சுவரில் பட்ட ரெசின் நுரைக்காமல் தடித்த தோலாகிவிடும். மேற்சொன்ன அளவு கலவை, 12 × 12 அச்சின் அடியில் முக்கால் சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கும். இவ்வளவு குறைவா என்று தோன்றும், கூட்டி ஊற்றிவிடாதீர்கள். மூடியில் நான்கு மூலையிலும் சிறு துளை வேண்டும், காற்றும் தப்பும் வாயுவும் வெளியேற.

6. நுரைத்தல். வாயுச் சோதனையில் பொங்கிய வெப்பநிலைக்கு, பெரும்பாலும் 100 முதல் 120 டிகிரிக்குள், ஓவனை முன்பே கொண்டுவந்து அச்சை உள்ளே வையுங்கள். வெப்ப உணரி ஒன்றை அச்சின் நடுவில் கலவைக்குள் வைத்திருக்க வேண்டும். ஓவனின் எண்ணைப் பார்க்காமல் உணரியின் எண்ணைப் பாருங்கள். நுரை ஏறும்போது ஓவனைத் திறக்கக்கூடாது, தட்டக்கூடாது. துளைகளில் நுரை எட்டிப் பார்த்ததும், அசைக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். நடுவின் வெப்பநிலை 160ஐ நெருங்கினால் ஓவனை அணைத்து, உறிஞ்சும் காற்றைக் கூட்டுங்கள். நுரை ஒரு நல்ல வெப்பக் காப்பு. அதனால் உள்ளே பிறந்த சூடு வெளியே வர வழியில்லாமல் நடுப்பகுதியைக் கருக்கிவிடும். தடிமனை 3 சென்டிமீட்டரில் நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

7. பின்-இறுகல். நுரை முழுவதும் ஆறியபின், நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் 120 வரை ஏற்றி ஒரு மணி நேரம், பிறகு 150இல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டால் பாதி இறுகிய சுவர்கள் இளகும். குமிழிக்குள் உள்ள வாயு விரிந்து நுரையை உப்பச் செய்யும். சிதையாமல் தங்கிவிட்ட கார்பமேட் இருந்தால் அதுவும் இந்தக் கட்டத்தில்தான் வாயுவை விட்டுக் கொப்புளம் கிளப்பும். அதனால் அச்சிலிருந்து எடுக்காமல், மூடியோடேயே இதைச் செய்வது நல்லது.

வெட்டிப் பார்ப்பது

தோலை நீக்கிவிட்டு நடுவிலிருந்து ஒரு கனசதுரம் வெட்டி, அளந்து, எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிடுங்கள். அடியிலிருந்தும் மேலிருந்தும் இன்னும் இரண்டு எடுங்கள். மூன்றுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் ரெசின் வடிந்திருக்கிறது. பதம் வரும் முன்பே சூடேற்றிவிட்டீர்கள்.

குமிழியைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. புதிய பிளேடால் சீவிய முகத்தில் மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் சுவர்கள் கறுப்பாகவும் குழிகள் வெளிறியும் தெரியும். அளவுகோலை அருகில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் கோட்டில் எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரே இடத்தில் எண்ண வேண்டும்.

வலிமை அடர்த்தியோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. விறைப்பு ஏறத்தாழ அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப மாறும். அடர்த்தியைப் பாதியாக்கினால் விறைப்பு கால்வாசியாகும். அதனால் நுரையைத் தனியாகச் சுமை தாங்க விடாமல், இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பயன்படுத்துவதுதான் பொருத்தம். எபாக்சித் தகட்டோடு எபாக்சி நுரை ஒட்டும் ஒட்டு மற்ற நுரைகளுக்குக் கிடைப்பது அரிது.

வெப்பக் காப்புக்காகச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கரியமில வாயு, காற்றைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். மீட்டர்-கெல்வினுக்குக் காற்று சுமார் 0.026 வாட், கரியமில வாயு சுமார் 0.017. ஆனால் இந்த வாயு பிளாஸ்டிக் சுவர்களின் வழியே வெளியேறிவிடக்கூடியது. நாளாக நாளாக அதன் இடத்தைக் காற்று பிடிக்கும். வார்த்த மறுநாள் அளந்த எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். பழக விட்டு அளந்ததுதான் உண்மையான எண்.

எங்கே தவறுகிறது

நுரை ஏறி, பிறகு நடுவில் அமுங்கினால் ஜெல் பிந்திவிட்டது. முன்-இறுகலை நீட்டுங்கள், இல்லையென்றால் நிலைப்படுத்தியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஏறவே இல்லை, ஆனால் உள்ளே கீறல் கீறலாக இருக்கிறது என்றால் ஜெல் முந்திவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பெரிய பொந்து இருந்தால் அந்த இடத்தில் கார்பமேட் கட்டியாக இருந்திருக்கிறது. நடு மட்டும் பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் தடிமனைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்-இறுகலுக்குப் பிறகும் பிசுபிசுப்பு இருந்தால் பலரும் ஹார்டனரைக் கூட்டுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். கணக்கில்லாமல் கூட்டுவது சரியான வழி அல்ல. உண்மையான காரணம், கார்பமேட்டின் எடையை அப்படியே அமைனின் எடையாக எண்ணியதுதான். 4.3 கிராம் பொடியில் அமைன் 3.4 கிராம் மட்டுமே. அதோடு பொடி ஈரத்தையும் இழுத்திருந்தால் அமைன் இன்னும் குறையும். பொடியைப் புதிதாகச் செய்து, எடைக் கணக்கை மறுபடி போட்டதும் பிசுபிசுப்பு போய்விட்டது.

அழுத்தக் கலன் இருந்தால்

கரியமில வாயுவை எந்தப் பொடியும் இல்லாமல் நேரடியாகவே ரெசினில் கரைக்கலாம். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அது மீக்கடப்பு நிலைக்குப் போய்விடும். வாயுவைப் போல ஊடுருவும், திரவத்தைப் போலக் கரையும். பாதி இறுகிய எபாக்சித் துண்டை அந்த வாயுவில் ஊற வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தால், கரைந்த வாயு எண்ணற்ற நுண்குமிழிகளாகப் பிரியும். குமிழியின் அளவு அழுத்தம் விடும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் கூடக் கூடக் குமிழி சிறிதாகும்.

இங்கே அமைன் ஹார்டனர் இடைஞ்சல் செய்யும். இறுகாத அமைன் ஊற வைக்கும் நேரத்திலேயே வாயுவோடு சேர்ந்து கார்பமேட்டாகிவிடும்; இறுகல் பாதியில் நிற்கும். அதனால் அன்ஹைட்ரைடு ஹார்டனரைப் பயன்படுத்துவது நல்லது, அது கரியமில வாயுவோடு வினைபுரிவதில்லை. நைட்ரஜனுக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ரெசினில் அது கரையும் அளவு மிகக் குறைவு. அழுத்தத்தை இன்னும் ஏற்ற வேண்டியிருக்கும். கலன் அந்த அழுத்தத்துக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், பாதுகாப்பு வால்வும் வேண்டும். சொந்தமாகப் பற்றவைத்த கலனில் இதை ஒருபோதும் முயலாதீர்கள்.

ரெசினும் கழிவும்

வாயுவை மாற்றிவிட்டதால் நுரை முழுக்கப் பசுமையாகிவிட்டது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. நம் கலவையில் வெளியேறும் கரியமில வாயு ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த 100 கிராம் ரெசினைத் தயாரிக்கையில் வெளியேறியது அதைவிடப் பல மடங்கு. ஆகவே அடுத்ததாகக் கை வைக்க வேண்டியது ரெசினில்தான். எபாக்சி ரெசினின் மூலப்பொருளான எபிகுளோரோஹைட்ரினைக் கிளிசரினிலிருந்து தயாரித்து, அதைக் கொண்டு செய்த ரெசின்கள் கிடைக்கின்றன. சமான எடை அதேதான் என்பதால் மேற்சொன்ன கணக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து வரும் ஹார்டனர்களும் உண்டு. அவை வேறு வேகத்தில் இறுகும், அதனால் இரண்டு சோதனைகளையும் புதிதாகச் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இறுகிய எபாக்சியை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. வெட்டிய துண்டுகளையும் தோற்றுப்போன வார்ப்புகளையும் தூசு உறிஞ்சியோடு அரைத்து, அடுத்த வார்ப்புக்கு நிரப்பியாகச் சேர்க்கலாம். முதலில் 5 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். துகள்கள் குமிழிக்குப் பிறப்பிடமாவதால் ஃபியூம்டு சிலிக்காவின் வேலையில் ஒரு பங்கை அதுவே செய்துவிடும். கோப்பையில் மிஞ்சிய இறுகாத கலவையைக் குவித்து வைக்காமல், மெல்லியதாகத் தகட்டில் பரப்பி இறுக விட்டு, பிறகு கழிவில் போடுங்கள். குவியலாகக் குப்பைத்தொட்டிக்குப் போன எபாக்சி அங்கேயே சூடேறிப் புகையும்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் இவற்றைக் குறித்து வையுங்கள்: கார்பமேட்டின் எடை ஏற்றம், முன்-இறுகல் நேரமும் அறையின் சூடும், வாயு பொங்கிய வெப்பநிலை, ஜெல் நேரம், நடுவில் எட்டிய உச்ச வெப்பநிலை, மூன்று அடர்த்திகள், ஒரு சென்டிமீட்டருக்குக் குமிழி எண்ணிக்கை. நான்கைந்து வார்ப்புக்குள் அடுத்ததில் எதை மாற்ற வேண்டும் என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.